அக்காவுக்குப் படைத்த புடவைகள்

எங்கள் வீட்டு உத்திரத்தில் ஒரு மூங்கில் கூடை தொங்கும். அதில் அக்காவின் துணி இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்றால் அந்தக் கூடைதான்.

இளம் வயதில் இறந்துபோன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூவாடைக்காரி என்போம். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டை மெழுகி, பலகை போட்டு, அதன்மேல் சொம்பு வைத்து வேப்பிலை செருகி, புதுத் துணியைக் கொசுவி அதற்குக் கட்டுவார்கள். வளையல், கண்ணாடி, சீப்பு, பூ எல்லாம் பக்கத்தில் இருக்கும். கொழுக்கட்டையும் சுண்டலும் படைப்பார்கள். படைத்த துணி ஒரு வருடம் கூடையில் இருக்கும். அடுத்த தையில் புதுத் துணி வரும்போது பழையதை எடுத்து, அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருத்திக்குக் கட்டக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் வேறு பெண் பிறக்கவில்லை. அதனால் அம்மா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். சாயங்காலம் வெறும் பையோடு வருவாள். பெருமுக்கல் கோயிலுக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டேன் என்பாள்.

அக்காவைப் பற்றி எனக்கு இருந்த ஞாபகம் கொஞ்சம்தான். அவளும் உப்பளத்து வேலைக்குப் போனவள். உப்பு தின்ற விரல்நுனிகள் வெடித்து மரப்பட்டை மாதிரி இருக்கும். படுத்திருக்கும்போது அந்த விரல்களால் என் முதுகைத் தேய்ப்பாள். அந்தச் சொரசொரப்பில் எனக்குத் தூக்கம் வரும். முகம் நினைவில்லை. வீட்டில் படமும் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பு படித்த வருடம் என்னைக் கொஞ்ச நாள் பெருமுக்கல் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பக் கூட்டி வந்தபோது அப்பா தலை மொட்டையாக இருந்தது. அக்கா கழுவெளிச் சதுப்பில் இறால் தடவப் போனாள், சேற்றில் மாட்டிக்கொண்டாள், சாமியாகிவிட்டாள் என்றார்கள். வீட்டில் காரியம் நடந்தது. நான் வடை தின்றேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்கள் முன்னால் வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால்கூட பக்கத்துப் பையன்தான் சொல்வான். ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாததை அந்தக் கூடையின் கீழே நின்று சொல்லுவேன். வாத்தியார் அடித்தது, அப்பா குடித்துவிட்டு அழுதது, உப்பளத்தில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் என்னை ஊமை என்று கூப்பிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண்ணோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை அக்கா என்று சொன்னேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிடும். கூடை காற்றில் கொஞ்சம் ஆடும். அது போதும் எனக்கு.

என் மனைவி வாயாடி. நல்லவேளை என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணமாகி வந்த முதல் தையில் படையலுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின வருடத்துத் துணியையும் புதிதாகத் தைத்து வந்த ரவிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாமிக்கு வைக்கிற ரவிக்கையைத் தைக்க மாட்டார்கள், துண்டாகத்தான் வைப்பார்கள். அம்மா மட்டும் டெய்லரிடம் கொடுத்து ஊக்கு வைத்துத் தைத்து வாங்குவாள்.

"ஏன் அத்த, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ரவிக்க அளவு மாறுதே. சாமிக்குக்கூட உடம்பு போடுமா?"

"டெய்லர் தப்பாத் தெச்சிட்டான்."

"கன்னியாச் செத்தவங்களுக்குப் பாவாட தாவணிதான வெப்பாங்க? நீங்க புடவ வெக்கிறீங்க. எங்க ஊர்ல இப்டி இல்ல."

"உங்க ஊர்ல மருமவ இவ்ளோ கேள்வி கேப்பாளா?"

"சரி, பழைய புடவையாவது எனக்குக் குடுக்கலாம் இல்ல? கோயில்ல எவளோ கட்டுறதுக்கு நான் கட்டினா என்னவாம்?"

"அது வீட்ல பொறந்தவளுக்கு. நீ வந்தவ."

மனைவி உதட்டைச் சுழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தேங்காய் உடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று தோன்றியது, அதைக் கேட்க வாய் வரவில்லை. இறந்தவளுக்கு வயது ஏறாது. எங்கள் வீட்டுச் சாமிக்கு மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வருடம் புடவை மடிப்புக்குள் ஒரு சின்னக் கவுன் இருந்தது. கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. கடைக்காரன் தவறிப் போட்டுவிட்டான் என்று அம்மா சொன்னாள். ஆனால் அடுத்த தையில் அந்தக் கவுனும் புடவையோடு உப்பளத்துக்குப் போனது.

தை முடிந்து மாசி மகம். எங்கள் ஊர்ச் சாமி எங்கள் கடலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். அம்மா அங்கே முழுக மாட்டாள். நம்ம கடல் ஆழம் என்பாள். பஸ் ஏறிப் புதுச்சேரிப் பக்கம் போக வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அங்கே எத்தனையோ ஊர்ச் சாமிகள் வரும், கூட்டம் கடற்கரை தெரியாமல் நிற்கும். நான் அம்மாவின் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு மணலில் நிற்பேன். அம்மா தண்ணீரில் இறங்கி, எதையோ தேடுகிற மாதிரி பார்த்து, ஒரு இடத்தில் போய் நிற்பாள். வெகுநேரம் நிற்பாள். முழுகி எழுந்து, மறுபடி முழுகி எழுந்து, கரைக்கு வரவே மனசில்லாமல் வருவாள்.

ஒரு வருடம் நான் ஒன்று பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கூடையில் ஒரு வருடம் கிடந்த புடவை அவள் உடம்பில் இருந்தது. பச்சை, அரக்குக் கரை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலை வந்தபோது சேர்ந்து முழுகினார்கள்.

கரைக்கு வந்த அம்மாவிடம், "அந்தம்மா நம்ம படையல் புடவ மாதிரியே கட்டியிருக்காங்க" என்றேன்.

"ஒரே புடவைய ஊருக்கெல்லாம் விக்கிறான். செருப்பக் குடு" என்றாள்.

முகம் முழுக்கக் கடல் தண்ணீர். அதில் எது கண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்?

அப்பா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். போன மார்கழியில் அம்மாவும் போய்விட்டாள். காலையில் காப்பி குடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றவள் எழுந்திருக்கவில்லை. சாவு விழுந்த வருடத்தில் வீட்டில் பொங்கல் கிடையாது, படையலும் கிடையாது. கூடையில் முந்தின தையில் அம்மா வைத்த புடவை அப்படியே இருந்தது. கத்திரிப்பூ நிறம், மஞ்சள் கரை. மாசி மகத்துக்கும் நாங்கள் போகவில்லை.

மகத்துக்கு மறுநாள் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தோம். உப்பு எடுக்கும் காலம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, காலைப் பார்த்துக்கொண்டே, அடிமேல் அடி வைத்துப் போவோம். எனக்குப் பிடித்த வேலை அது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேசுகிறவர்கள்கூட தங்கள் காலிடம்தான் பேசுவார்கள்.

என் பக்கத்தில் ஜோடியம்மா வந்து நின்றார். காலனியைச் சேர்ந்தவர். உப்புக் கூடையைத் தலைக்குத் தூக்கிவிட இரண்டிரண்டு பெண்கள் ஜோடி சேர்வார்கள். ஊர்ப் பெண்கள் ஊர்ப் பெண்களோடும், காலனிப் பெண்கள் அவர்களுக்குள்ளும் சேர்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். என் அம்மா மட்டும் ஆரம்பத்திலிருந்தே இவரோடுதான். ஊர்ப் பெண்கள் அதற்காக அம்மாவைக் குத்திப் பேசுவார்கள். அம்மா காதில் போட்டுக்கொண்டதில்லை. நான் இவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனசுக்குள் ஜோடியம்மா என்று வைத்திருந்தேன்.

"ஏம்பா, உங்கம்மா செத்ததுக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்பிச்ச?" என்று காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் இல்ல."

கொஞ்ச தூரம் மிதித்துப் போனோம்.

"நேத்து மகத்துல ஒருத்தி தண்ணியில நின்னுக்கினு இருந்தா. சாமிங்க எல்லாம் கரை ஏறிடுச்சி. ஜனம் கலைஞ்சிட்டுது. ஐஸ் விக்கிறவன்கூட வண்டியத் தள்ளிக்கினு போயிட்டான். அவ மட்டும் கரையப் பாத்து நின்னுக்கினு இருந்தா. நான் கிட்டப் போவல. போனா கேப்பா. என்ன சொல்லுவேன்?"

நான் அடுத்த அடி வைத்தேன்.

"உன் அக்கா சாவலப்பா."

என் கால் நின்றுவிட்டது.

"மிதி, மிதி. நிக்காத. பாக்குறாங்க."

மிதித்தேன். களிமண் விரல்களுக்கு நடுவே பிதுங்கி வந்தது. அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

உப்பளத்தைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கரிப்புத் தண்ணீர். மணல்மேட்டு ஓரம், தாழம்புதருக்குக் கீழே ஒரு ஊற்றில் மட்டும்தான் நல்ல தண்ணீர். அந்தக் காலத்தில் ஊர் ஆட்கள் மொண்டு குடிப்பார்கள். காலனி ஆட்கள் குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி உட்கார வேண்டும். யாராவது மனசு வந்து ஊற்றினால் உண்டு. ஒரு சித்திரை வெயிலில் உப்பு சுமந்து வந்த ஜோடியம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தானே போய் மொண்டார். ஊர் ஆண்கள் வந்து குடத்தை உடைத்தார்கள். தடுக்க வந்த அவர் வீட்டுக்காரரைப் போட்டு அடித்தார்கள். கை முறிந்தது. முதல் அடி அடித்தது என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

"கேசு ஆச்சி. ஆனா பாத்தவங்க யாரும் பாத்தேன்னு சொல்லல. அந்த வரப்புல அன்னிக்கி அவ்ளோ பேரு இருந்தாங்க. எல்லாருக்கும் அந்த நேரம் கண்ணுல உப்பு விழுந்துட்டுதாம். உன் அக்கா மட்டும் திண்டிவனம் கோர்ட்ல வந்து நின்னா. சின்னப் பொண்ணு. பாத்தேன்னா. யாருன்னு கேட்டாங்க. எங்க சித்தப்பான்னு கையக் காட்டினா."

அதற்குப் பிறகு அவளால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. கிறிஸ்தவப் பெண்கள் விடுதி ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் அப்பாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். மகள் செத்துவிட்டாள் என்று காரியம் செய், இல்லாவிட்டால் உன் வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது என்றார்கள். அப்பா கழுவெளிக் கரையில் மொட்டை அடித்துத் தலை முழுகினார்.

"அப்புறம் எங்கள அந்த ஊத்துல யாரும் தடுக்கல" என்றார் ஜோடியம்மா. "பயந்துட்டாங்க. ஒரு பொண்ணு சொன்ன ஒரு சொல்லு."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. சின்னப் பையனாக நான் அந்த ஊற்றில் குடித்தபோதெல்லாம் காலனி ஆட்களும் மொண்டு குடித்தார்கள். அது எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"புடவைய எங்கிட்டதான் குடுப்பா உங்கம்மா. நான்தான் புதுச்சேரிப் பக்கம் அவ இருக்கிற குயிலாப்பாளையத்துக்குக் கொண்டுபோவேன். அளவு ரவிக்க அங்கேர்ந்து வரும். அந்தப் புடவையக் கட்டிக்கினு அவ மகத்துக்கு வருவா. கூட்டத்துல அத வெச்சித்தான் கண்டுபிடிப்பா உங்கம்மா. பேச மாட்டாங்க. யாராவது பாத்தா உனக்குக் கஷ்டம்னு பயம் உங்கம்மாவுக்கு. உனக்குப் பொண்ணு தர மாட்டாங்க, உன்னையும் தள்ளி வெச்சிடுவாங்கன்னு. அப்புறம் பழகிப்போச்சி."

"நீங்களே அம்மா செத்தத..." என்று ஆரம்பித்தேன்.

"அது நான் சொல்ல வேண்டிய சாவு இல்லப்பா. புள்ள சொல்லணும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ரவிக்க! நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல!" என்றாள். அப்புறம் அழுதாள். நாற்காலி போட்டுக் கூடையை அவளே இறக்கினாள். புடவையைத் தட்டி மடித்துப் பையில் வைத்தாள்.

"ஏங்க, நீங்க பாட்டுக்குப் போயி வாயத் தொறக்காம வந்துடாதீங்க. நான் வேணா கூட வரட்டா?"

"வேணாம்."

"அப்போ பஸ்ல போவும்போதே சொல்லிப் பாத்துக்கினே போங்க."

சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அக்கா, நான்தான். அக்கா, நான் உன் தம்பி. எதுவும் சரியாக வரவில்லை. கடற்கரை ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தேன். வெள்ளைக்காரர்கள் வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வண்டி விடுகிற கடைக்குப் பின்னால் ரோஸ் கலர் வீடு என்று ஜோடியம்மா சொல்லியிருந்தார். வாசலில் ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அங்கே தங்கும் விடுதி ஒன்றின் சமையல்கட்டில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். கனத்த உடம்பு. நரைத்த தலை. அம்மாவின் தோள்.

நிமிர்ந்து பார்த்து, "கரண்ட் ஆளா? மீட்டர் பின்னாடி இருக்குது" என்றாள்.

நான் பின்னால் போனேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றேன். அது சின்னச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. முன்னாலிருந்து குரல் வந்தது.

"என்னப்பா, மீட்டர் ஓடுதா, தூங்குதா?"

முன்பக்கம் வந்து, பையிலிருந்த புடவையை எடுத்து நீட்டினேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முந்தானை முனையில் அம்மா படையலன்று வைக்கிற மஞ்சள் தடம் இருந்தது. அதை விரலால் தடவினாள். மூக்கில் வைத்து மோந்தாள். வேப்பிலையும் கற்பூரமும் ஒரு வருடம் ஊறிய வாசனை.

"எப்பவும் கொண்டாறவ வரலியா? நீ ஏன் எடுத்துக்கினு..."

நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்ததும், நான் ஏன் வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

"எப்போ?"

"மார்கழி."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. காலையில. படுத்தவங்கதான்."

"கோடி யாரு போட்டாங்க?"

தாய் செத்தால் மகள் வீட்டுக் கோடிப் புடவை வர வேண்டும். அம்மா மேல் மாமா வீட்டுக் கோடிதான் போட்டார்கள். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் வாசல் குழாயைத் திறந்து, குத்துக்காலிட்டு அதன் கீழே உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் தலையில் விழுந்து முகத்தில் வழிந்தது. சத்தம் வரவில்லை. நான் துருவின தேங்காயில் ஈ உட்காராமல் ஓட்டிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

துணி மாற்றிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். வீட்டுக்காரர் கொத்தனார், இறந்துவிட்டார் என்றாள். ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில். கூடையில் பார்த்த கவுன் அந்த மகளுக்குத்தான்.

"ஏன்டா, பேசவே மாட்டியா நீ? சின்னப் புள்ளையில கத்திக்கினே இருப்பியே."

நான் கத்திக்கொண்டே இருந்தேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"உங்கிட்ட பேசுவேன்" என்றேன்.

"எங்கிட்டயா?"

"கூடைக்குக் கீழ நின்னு."

"என்ன பேசுவ?"

"எல்லாம்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்ல மாட்ட. கேட்டுக்குவ."

அவள் சிரித்தாள். "செத்தவதான் உனக்கு வாட்டமா இருந்தா போலக்குது" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குழம்புக் கரண்டியைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். வெடிப்பெல்லாம் ஆறி, வழவழவென்று இருந்தன. அந்தச் சொரசொரப்பை நான் சின்ன வயதிலிருந்தே தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பும்போது, பஸ்ஸில் சொல்லிப் பார்க்காத ஒன்று வாயில் வந்தது.

"வீட்டுக்கு வா அக்கா."

"சித்தப்பா இருக்கிறாரா?"

"இருக்கிறாரு. பக்கத்து வீடுதான். கண்ணு சரியாத் தெரியல."

"அன்னிக்கும் அவருக்குக் கண்ணு தெரியல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் அந்த வாசல்ல வந்து நின்னா என்னாடா சொல்லுவ? செத்துப்போன அக்கா வந்திருக்குதுன்னா? எங்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்க வேணாம். ஊத்தாண்ட நடந்தத அவ பாத்தா, பாத்ததச் சொன்னா, அதான் அவ செஞ்சதுன்னு அந்த வீட்லேர்ந்து ஒரு வாயி சொல்லட்டும். அப்போ வர்றேன்."

"அந்த ஊத்து இப்போ இல்ல அக்கா. மணலு மூடிடுச்சி. எல்லாரும் கேன் தண்ணிதான்."

"இருந்தா என்ன, மூடினா என்ன? நடந்தது நடந்ததுதான?"

உள்ளே போய் அவள் ஒரு புதுப் புடவை கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளையில் நீலப்பூ. மகள் வாங்கித் தந்ததாம், இன்னும் மடிப்புக் கலையவில்லை. "அம்மா மேல போடு" என்றாள். பிறகு நான் கொண்டுபோன கத்திரிப்பூப் புடவையை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மகத்துக்கு இதக் கட்டிக்கினு வருவேன். நீ கண்டுபிடிச்சிக்க."

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய் அம்மாவைப் புதைத்த இடத்தில் கோடியைப் போட்டேன். காற்றில் பறக்காமல் நான்கு முனையிலும் கல் வைத்தேன். திரும்பி வரும்போது சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நேத்து எங்கடா போன? ஏதோ பையத் தூக்கிக்கினு போனியாமே?"

எப்போதும் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பேன். கால் நின்றுவிட்டது.

"அக்காவப் பாக்கப் போனேன்."

"எந்த அக்கா?"

"எனக்கு ஒரு அக்காதான்." குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "ஊத்தாண்ட நடந்தத அவ பாத்தா. பாத்ததத்தான் சொன்னா."

பீடி சுற்றிய கைகள் நின்றன. சித்தப்பா தலையைத் தூக்கி நான் நிற்கிற பக்கத்தைப் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. மடியில் இருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து கதவைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். எதிர்வீட்டுப் பெண்களில் வயதான ஒருத்தி மட்டும், "இருக்குதா அது? நல்லா இருக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்குது" என்றேன்.

அதற்குமேல் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். நானும் யாரோடும் அதிகம் பேசுகிறவன் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டு நான் சொன்னதைச் சொன்னேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். "வெக்காத, இரு" என்றாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. "இரு, அடுப்புல இருக்குது." நான் இருந்தேன். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உத்திரத்தில் வெறும் கூடை தொங்குகிறது. தையில் இனி அம்மாவுக்குத்தான் படையல். அம்மாவுக்கு வைக்கிற புடவை, வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் போக வேண்டும். அதை வந்து வாங்கிக்கொள்ள அக்காவுக்கு உரிமை இருக்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் அவர்கள் இரண்டு பேரும் இப்போது தினமும் பேசுகிறார்கள். எனக்குப் பழக்கம் விடவில்லை. கூடைக்குக் கீழே போய் நிற்கிறேன், எதுவும் வரவில்லை. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. இருக்கிறவளிடம் எப்படிப் பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

மகம் வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கத்திரிப்பூ நிறம் இந்த வருடம் நிறையப் பேர் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் இது என் கண்ணில் பட்டதே இல்லை. உப்பளத்துக்குப் போகிற பஸ்ஸில் அந்த நிறத்தில் ஒரு புடவை ஏறினால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். அவர்கள் நான் இடம் கொடுக்கிறேன் என்று நினைத்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.